நீ ராகி என்று சொன்ன உலோகம்

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூர் உழவர் சந்தைக்கு வெளியே ஒரு தள்ளுவண்டி நின்றிருந்தது. வண்டி நிறைய தண்ணீர் பாட்டில்கள், எல்லாம் செம்பில் செய்தவை. இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் செம்பு பாட்டிலில்தான் தண்ணீர் குடிக்கிறார்கள், உனக்குத் தெரியுமே. வண்டிக்காரர் தொண்டை கிழியக் கத்தவில்லை. ஒரு ஸ்பீக்கரில் பதிவு செய்து ஓடவிட்டுவிட்டு நிம்மதியாகப் பீடி குடித்துக்கொண்டிருந்தார். "செம்பு பாட்டில், தாம்ரத பாட்டல், ராகி பாட்டில்" என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் அது விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. நம் ஊரில் வியாபாரம் ஓட வேண்டுமென்றால் வேறு என்ன வழி.

என் பக்கத்தில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். பேச்சைக் கேட்டால் காவேரிப்பட்டினம் பக்கம் போலிருந்தது. "ஏம்மா, ராகியயா பாட்டில்ல போட்டு விக்கிறான்? கூழு கரைச்சி வெச்சிருக்கானா?" என்று என்னிடம் கேட்டார். விளக்கம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிட்டது. நின்று சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மா பயந்துபோய், "என்னம்மா ஆச்சி?" என்றார். "ஒண்ணுமில்லம்மா. எனக்கு ஒரு ஃப்ரெண்டு இருந்தா" என்று மட்டும் சொன்னேன். கத்தரிக்காய் கடையில் நின்று சொல்லக்கூடிய கதையா அது.

அதனால் உனக்கே எழுதுகிறேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. செத்துப்போனவளுக்கு லெட்டர் எழுதுகிறாயே, உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று நீயே கேட்பாய். கேள், பரவாயில்லை. நீ கேட்டு எத்தனை நாளாயிற்று.

பதினொன்றாம் வகுப்பில்தான் நீ எங்கள் பள்ளிக்கு வந்தாய். பேரிகைப் பக்கம் ஒரு கிராமம், வீட்டில் தெலுங்கு. பத்தாவது வரை நீ படித்ததும் தெலுங்கு மீடியம். எங்கள் அப்பா ஊத்தங்கரையிலிருந்து கம்பெனி வேலைக்கு ஓசூர் வந்தவர். எங்கள் வீட்டில் தமிழைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. தெலுங்கில் படித்த ஒருத்தி தமிழ் மீடியத்தில் அறிவியல் குரூப் கேட்டு வந்திருக்கிறாள் என்றதும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் பெஞ்சில்தான் இடம் இருந்தது, அதனால் நீ என் பக்கத்தில் உட்கார்ந்தாய். அது தவிர நமக்குள் எந்தப் பொருத்தமும் இல்லை.

முதல் செய்முறை வகுப்பு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நம் லேப்பில் கேஸ் கிடையாது, மண்ணெண்ணெய் ஸ்டவ்தான். அறை முழுக்க அந்த நாற்றம். பிசிக்ஸ் மிஸ் மேசைமேல் மூன்று உலோகக் கட்டிகளை வைத்தார். ஒரே அளவு, ஒரே வடிவம், ஒவ்வொன்றின் தலையிலும் நூல் கட்ட ஒரு கொக்கி. அலுமினியம், பித்தளை, செம்பு. சிவப்பாக இருந்ததை எடுத்து உன் முன்னால் நீட்டி, "இது என்ன உலோகம், புதுசா வந்த பொண்ணு சொல்லு" என்றார்.

நீ எழுந்து, கொஞ்சமும் யோசிக்காமல், "ராகி, மிஸ்" என்றாய்.

அவ்வளவுதான். வகுப்பே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. "களி கிண்டலாமா மிஸ்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி. "கீரைக் குழம்பு வெச்சிக்கலாம்" என்று இன்னொருத்தி. மிஸ்ஸுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் உன் பாவாடையைப் பிடித்து இழுத்தேன், உட்காருடி என்று. நீ உட்காரவில்லை. எல்லோரும் சிரித்து முடிக்கும் வரைக்கும் பொறுமையாக நின்றாய். பிறகு சொன்னாய். "எங்க வீட்ல இதுக்கு ராகின்னுதான் மிஸ் பேரு. நீங்க சாப்பிடறது ராகுலு. அது வேற, இது வேற."

நீ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தெலுங்கில் செம்புக்கு ராகி என்றுதான் பெயர். ஆனால் சரி என்று ஒப்புக்கொள்ள அங்கே யாருக்கு நேரம் இருந்தது. அன்றையிலிருந்து உன் பெயரே ராகி ஆகிவிட்டது.

மத்தியானம் நீ டிபன் பாக்ஸைத் திறந்தால், விதி பார், உள்ளே களி உருண்டை. ஒரு கும்பலே வந்து நின்றுவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது, எழுந்து இரண்டு பேரைத் திட்டினேன். நீ என்னைக் கையமர்த்தினாய். உருண்டையை நடுவில் பிட்டு, "தொட்டுப் பாருங்க. விடிகாலைல கிண்டினது. உள்ள இன்னும் வெதுவெதுன்னு இருக்குது. இந்த ராகி சூட்ட ஜாஸ்தி புடிச்சி வெக்குமா, அந்த ராகியா? யாராச்சும் சொல்லுங்க பாக்கலாம்" என்றாய். ஒருத்திக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். ஒவ்வொருத்தியாக நகர்ந்துபோனார்கள். நீ ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்து சாப்பிட்டாய், எனக்கும் ஒரு வாய் கொடுத்தாய்.

ஆனால் விஷயம் சிரிப்போடு நிற்கவில்லை. முதல் தேர்வில் பிசிக்ஸில் நீ தேறவில்லை. உனக்குத் தெரியாமல் இல்லை, கேள்வியே உனக்குப் புரியவில்லை. மிஸ் உன்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார், நான் துணைக்கு வந்தேன். மிஸ் கெட்டவர் இல்லை. உன்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். "உனக்கு மொழி வரலம்மா. இப்படியே போனா பப்ளிக்ல எல்லாம் போயிடும். இப்பவே வேற குரூப்புக்கு மாறிக்கோ. அரையாண்டு வரைக்கும் டைம் தர்றேன். செய்முறைய நீயா செஞ்சி, நான் கேக்கறதுக்குத் தமிழ்ல பதில் சொல்லணும். முடியலன்னா நானே மாத்திடுவேன்."

வெளியே வந்ததும்தான் நீ எனக்கு உண்மையைச் சொன்னாய். "எங்க நாயனா சயின்ஸ்னாதான் படிக்க வெக்கிறேன்னு சொல்லியிருக்காரு. வேற குரூப்புன்னா கம்பெனி பஸ் ஊருக்குள்ளயே வருது, ஏறிப் போடின்னுவாரு." உன் ஊரில் உன் வயதுப் பெண்கள் பாதிப்பேர் அந்த பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வேலையை நீ ஒருநாளும் கேவலமாகச் சொன்னதில்லை. உனக்குப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் உன் பஸ் வரும் வரைக்கும் நமக்கு வகுப்பு. தன்வெப்ப ஏற்புத்திறன் என்கிற வார்த்தையை உன் வாயில் நுழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் மனப்பாடம் பண்ணுடி என்பேன். நீ மாட்டேன் என்பாய். பிரித்துப் பிரித்துச் சொல்லச் சொல்வாய். தன், வெப்பம், ஏற்பு, திறன். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டு, கடைசியில் நீயாக ஒரு விளக்கம் வைத்தாய். "ஒரு பொருள ஒரு டிகிரி சூடாக்கணும்னா அத எவ்ளோ கெஞ்சணும், அதான. செம்பு, கொஞ்சம் கெஞ்சினா போதும். தண்ணி, ரொம்பக் கெஞ்சணும்." பிறகு என்னைப் பார்த்து, "நீ செம்பு. சட்டுன்னு சூடாயிடற, சட்டுன்னு ஆறிடற. நான் தண்ணி" என்றாய். நான் முறைத்தேன். "பாத்தியா, சூடாயிட்ட" என்றாய். அப்புறம் நான் எங்கே முறைப்பது.

நம் வகுப்பில் செய்முறை எப்படி நடந்தது என்று நினைவிருக்கிறதா. சோதனை பெரிய வித்தை இல்லை. கட்டியை நூலில் கட்டிக் கொதிக்கிற தண்ணீரில் தொங்கவிட வேண்டும். நன்றாகச் சூடானதும் எடுத்து, கலோரிமீட்டர் என்கிற குவளையில் இருக்கும் பச்சைத்தண்ணீருக்குள் இறக்க வேண்டும். கட்டி விட்ட சூடும் தண்ணீரும் குவளையும் வாங்கிய சூடும் சமம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் விடை வந்துவிடும். செம்புக்கு முந்நூற்று எண்பத்தைந்து என்று புத்தகத்தில் இருக்கிறது. ஸ்டவ் நின்றுபோகும், நூல் அறுந்துபோகும், பெல் அடித்துவிடும். யாருக்குப் பொறுமை இருக்கிறது. எல்லோரும் முந்நூற்று எண்பத்தைந்தை முதலில் எழுதிவிட்டு, அது வருகிற மாதிரி வெப்பநிலையைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு நிரப்பிவிடுவார்கள். பின்னாடிக் கணக்கு என்றே அதற்குப் பெயர். மேல் வகுப்பு அக்காக்கள்தான் சொல்லிக்கொடுத்தது. தப்பு என்றே யாருக்கும் தோன்றியதில்லை.

உனக்கு அப்போது அந்தப் பின்னாடிக் கணக்கே தெரியாது. தெலுங்கு மீடியத்தில் உங்களுக்கு லேப்பே இல்லை என்றாய். அதனால் புத்தகத்தில் என்ன செய்யச் சொல்லியிருக்கிறதோ அதையே செய்வாய். கட்டியைக் கொதிநீரிலிருந்து தூக்கி ஒரே ஒரு உதறு, ஒட்டியிருக்கிற ஈரம் போக. அடுத்த நொடி கலோரிமீட்டருக்குள். தண்ணீர் ஒரு சொட்டுத் தெறிக்காது. அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறி, நின்று, இறங்கத் தொடங்கும் வரைக்கும் நீ கண் சிமிட்ட மாட்டாய். அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் உனக்கு வந்த விடை புத்தகத்தை ஒட்டியே வந்தது. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். செம்புக் கட்டி மட்டும் உன் கைக்கு வரவே இல்லை. அதன் விடைதான் மனப்பாடம் என்று மற்றவர்கள் அதை விடவே மாட்டார்கள்.

அரையாண்டுச் செய்முறையில் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்குத் தனி ஊசல் வந்தது. உனக்குச் செம்புக் கட்டி. நான் உள்ளுக்குள் சாமி கும்பிட்டேன். விடை தெரிந்த கணக்கு, தப்பித்தாய் என்று.

என் மேசை உன் மேசைக்குப் பக்கத்தில். நான் ஊசலை ஆட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் உன்னைப் பார்த்தேன். ஒருமுறை செய்தாய், கணக்குப் போட்டாய், முகம் சுருங்கியது. தண்ணீரை மாற்றி மறுபடியும் செய்தாய். மறுபடியும் முகம் சுருங்கியது. நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. "எந்த வச்சிந்தி?" என்று கிசுகிசுத்தேன். எவ்வளவு வந்தது என்று கேட்க நீ சொல்லிக்கொடுத்த தெலுங்கு. "நானூத்தி ஐம்பது" என்றாய். "பைத்தியமா உனக்கு? முந்நூத்தி எண்பத்தஞ்சின்னு எழுதிட்டு வெளிய வாடி" என்றேன். நீ என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. புரியாமல் பார்த்தாய். "வரலியே. வராதத எப்படி எழுதறது?" என்றாய்.

மூன்றாவது முறை செய்யவில்லை நீ. கட்டியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாய். எழுந்துபோய் பித்தளைக் கட்டியை எடுத்து வந்து இன்னொரு கையில் வைத்துப் பார்த்தாய். இரண்டையும் தராசில் வைத்தாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, நேரத்தை வீணாக்குகிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மிஸ் வந்தார். உன் தாளைப் பார்த்தார். "நானூத்தி ஐம்பதா? செம்புக்கு எவ்வளவும்மா?"

"முந்நூத்தி எண்பத்தஞ்சி மிஸ்."

"அப்ப எங்க தப்பு பண்ண?"

நீ நேராக நின்றுகொண்டாய். "இது ராகி இல்ல மிஸ்" என்றாய்.

லேப் முழுக்கச் சிரிப்பு. மிஸ் கையை உயர்த்தி அடக்கினார். அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது, கொஞ்சம் பரிதாபமும் இருந்தது. "ஆமாம்மா, ராகி இல்லதான். செம்பு. இவ்வளவு நாள் கழிச்சாவது அந்தப் பேரு வந்துதே, சந்தோஷம். விடை ஏன் வரலன்னு கேட்டா..."

"செம்பும் இல்ல மிஸ்."

அந்த இடத்தில் சிரிப்பு நின்றது.

நீ பேசினாய். உன் தமிழ் தட்டுத் தடுமாறியது, ஒவ்வொரு வார்த்தையையும் எங்கேயோ போய்த் தேடி எடுத்து வந்து வைக்கிற மாதிரி பேசினாய். ஆனால் ஒன்றுகூடத் தெலுங்கு இல்லை. "மிஸ், பித்தளைக்கு எனக்குச் சரியா வருது. அலுமினியத்துக்குச் சரியா வருது. அதே கை, அதே தெர்மாமீட்டர். இதுக்கு மட்டும் ரெண்டு தடவையும் ஜாஸ்தி வருது. ஈரம் ஒட்டியிருந்தா ஜாஸ்தி வரும்னு நல்லா உதறிட்டுப் போட்டேன், அப்பவும் அதான். புக்குல செம்போட அடர்த்தி பித்தளையவிட ஜாஸ்தி. ரெண்டு கட்டியும் ஒரே அளவு. அப்ப செம்புதான கனமா இருக்கணும்? இது லேசா இருக்குது மிஸ். தன்வெப்ப ஏற்புத்திறன் நானூத்தி ஐம்பது இரும்புக்குப் போட்டிருக்குது. ஒரு காந்தம் குடுங்க மிஸ்."

மிஸ்ஸே அலமாரியைத் திறந்து சட்டக் காந்தத்தை எடுத்து வந்தார். கட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது. மிஸ் பிளேடு எடுத்து ஒரு ஓரத்தைச் சுரண்டினார். சிவப்புத் தோல் உரிந்து, உள்ளே சாம்பல் நிறம். இரும்பைக் கடைந்து மேலே செம்பு முலாம் பூசி வைத்திருந்தார்கள். எந்தக் காலத்தில் நிஜக் கட்டி காணாமல் போனதோ, யார் எந்தப் பட்டறையில் இதைச் செய்து வாங்கினார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

மிஸ் சுற்றிலும் பார்த்தார். "இந்தக் கட்டியில முந்நூத்தி எண்பத்தஞ்சி எடுத்தவங்க எல்லாம் கொஞ்சம் கை தூக்குங்க" என்றார். ஒரு கை எழவில்லை. அந்த வருடம் அந்த லேப்பில் உன்னைத் தவிர இரும்பைச் செம்பு என்று நிரூபிக்காதவளே கிடையாது. மிஸ் எங்களைத் திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, "நானும் எல்லாத்துலயும் டிக் போட்டுட்டுதான வந்திருக்கேன்" என்றார். அதைச் சொல்வதற்கும் ஒரு மனசு வேண்டும். இன்றைக்கு நினைத்தால் அவர்மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது.

பிறகு உன்னிடம் கேட்டார். "இரும்புக்குத் தெலுங்குல என்ன?"

"இனுமு, மிஸ்."

"இனுமு" என்று மிஸ் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நீ எந்த குரூப்புக்கும் போக வேணாம். இங்கயே இரு. உங்க நாயனாவ நாளைக்கு வரச் சொல்லு, நான் பேசிக்கறேன்." அப்பா என்று சொல்லாமல் நாயனா என்று அவர் சொன்னதும் உனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நேரம் கல்லாக நின்றவள், அந்த ஒரு வார்த்தைக்கு அழுதாய்.

அதன் பிறகும் உன்னை ராகி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் கூப்பிட்ட விதம் மாறிவிட்டது. லேப்பில் எதிலாவது சந்தேகம் வந்தால், "ராகியக் கேளு" என்பார்கள்.

நீ கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் போய் பிசிக்ஸ் படித்தாய், பி.எட். முடித்தாய், கவர்ன்மென்ட் ஸ்கூலில் டீச்சரும் ஆனாய். முதல் போஸ்டிங் நாட்றாம்பாளையம் பக்கம், மலைமேல். வேறு யாராவது என்றால் டிரான்ஸ்ஃபருக்கு அலைந்திருப்பார்கள். நீ போனில் என்னிடம், "இங்க தண்ணி சீக்கிரமே கொதிச்சிடுதுடி, நூறு டிகிரி வரதில்ல, பசங்களுக்கு அதயே பாடமா எடுத்துட்டேன்" என்று குதூகலமாகச் சொன்னாய். உன்னைப் பார்க்க ஒருமுறை அந்த வளைவு வளைவான ரோட்டில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன். அன்றைக்கு உன் லேப்பில் பார்த்ததை நான் மறக்கவே மாட்டேன். பத்துப் பதினைந்து கட்டிகள், எல்லாவற்றுக்கும் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தாய். எதிலும் பெயர் கிடையாது. எந்தப் பிள்ளைக்கு எந்த உலோகம் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். "என்ன உலோகம்னு நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் எனக்குச் சொல்லணும்" என்றாய். பிள்ளைகள் வேர்க்க விறுவிறுக்கச் செய்துகொண்டிருந்தார்கள். பின்னாடிக் கணக்கு போட எந்தப் பின்னாடியும் இல்லை அங்கே. ஒரு பெண் வந்து, "மிஸ், இது ஈயமா?" என்று பயந்து பயந்து கேட்டாள். "உனக்கு வந்தது என்ன?" என்றாய். அவள் எண்ணைச் சொன்னாள். "அப்ப பயப்படாம சொல்லு" என்றாய். அவள் சத்தமாக, "ஈயம்" என்றாள். உன் முகத்தில் அன்று பார்த்த சந்தோஷத்தை, உன் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. உன் வீட்டுக்காரர் இதைப் படித்தால் என்னை மன்னிக்கட்டும்.

நான் என்ன ஆனேன், ஓசூரில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் குவாலிட்டி லேப். அதுவும் உன்னைப் பார்த்துத்தான். எனக்கு வேறு எதற்கும் பொறுமை கிடையாது என்று உனக்குத் தெரியும்.

இனி எழுத வேண்டியதுதான் கஷ்டம். எழுதத்தான் போகிறேன்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு டாக்டர் உன் வீட்டுக்காரரையும் என்னையும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். கன்னடத்தில் மெதுவாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். குணமாகாது. ஒரு வருடம் போனால் பெரிது. உன் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவகிட்ட சொல்லிடாதீங்க. சின்னக் கட்டிதான், மாத்திரையில கரைஞ்சிடும்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவா" என்றார். நான் தலையாட்டினேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உன்மேல் உயிரையே வைத்திருந்த மனுஷன்.

உள்ளே வந்தால் நீ அவரைக் காபி வாங்கி வர அனுப்பினாய். அவர் போனதும் கேட்டாய். "டாக்டர் என்ன சொன்னாரு?"

நான் அந்த நீள வராண்டாவில் நடந்து வரும்போதே என்ன சொல்ல வேண்டும் என்று தயார் செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கட்டி, மாத்திரை, கரைஞ்சிடும். மூன்று வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "எல்லாரும் எனக்கு நல்ல விடையா சொல்லிட்டிருக்காங்க. எனக்கு அது வேணாம். அவர் சொன்னத சொல்லு" என்றாய்.

உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். டாக்டர் சொன்னதை அப்படியே, ஒன்றைக் கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் நான்தான் அழுதேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாய். என்ன காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு நீ திரும்பி, "ஒரு வருஷம் பெரிசுதான்டி. நெறைய வேல இருக்குது" என்றாய்.

உன் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நியாயம்தான். ஆனால் நீ அந்த நாட்களை என்ன செய்தாய் என்று நான் பார்த்தேன். முடிந்த வரைக்கும் ஸ்கூலுக்குப் போனாய். நிற்க முடியாதபோது நாற்காலி போட்டு உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் செய்முறை நடத்தினாய். மகளோடு சண்டை போட்டுத் தீர்க்க வேண்டியதைத் தீர்த்தாய். உன் நாயனாவைக் கூட்டிவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாய். வீட்டுக்காரருக்குக் களி கிண்டக் கற்றுக்கொடுத்தாய், அவர் அடிப்பிடிக்கவிட்டதற்கு நீ திட்டியதைத் தெருவே கேட்டது.

உன் காரியம் முடிந்த அன்று எல்லோரும் கிளம்பிய பிறகு அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்னிக்கி நீங்க சொல்லாம இருந்திருந்தா, அவ எங்ககிட்ட ஒண்ணும் பேசாமயே போயிருப்பாக்கா. எல்லாத்தையும் பேசிட்டுத்தான் போனா" என்றார்.

போன மாதம் கம்பெனியில் ஒரு மீட்டிங். ஒரு லாட் வார்ப்பு முழுக்க டெஸ்டில் தேறவில்லை. லாரி வெளியே காத்துக்கொண்டிருக்கிறது. மேனேஜர் ரொம்ப நயமாக, "மேடம், நம்பரக் கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்களேன். உங்களுக்குத் தெரியாததா" என்றார். நான் வந்த எண்ணையே மறுபடியும் சொன்னேன். அவர் குரலை உயர்த்தினார். எனக்குக் கோபம்கூட வரவில்லை, என்னவோ தெரியவில்லை, நீ சொல்லுகிற தண்ணீர் போல நின்றேன்.

உன் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கே உள்ளதைச் சொன்ன வாய் இது. ஒரு லாரி இரும்புக்காகவா இதை மாற்றிக்கொள்வேன்.